கதவோரக் கட்டில்

அமிர்தநாதருக்கு எந்த அறை வேண்டும் என்று அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய இடத்தில் நின்றவள் நான்தான். ஆகவே இந்தக் கதையில் யாரையாவது திட்ட நினைப்பவர்கள் முதலில் என்னைத் திட்டிவிட்டு மற்றவர்களிடம் போகலாம்.

அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. வோபர்னில் ஒரு வீட்டின் நிலக்கீழ் பேஸ்மென்ரில் தனியாகக் குடியிருந்தேன். ஸ்காபரோவில் முதியவர்களை வைத்துப் பராமரிக்கும் ஒரு நேர்சிங் ஹோமின் சமையலறையில் வேலை. மூன்று நேரமும் தட்டுகளை வண்டிலில் அடுக்கி மாடிமாடியாகக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். அந்தக் கட்டடத்தில் தமிழ் தெரிந்த ஆள் நான் ஒருத்தி மட்டும். தமிழர் யாராவது வந்தால் என்னை ஏப்ரனோடு மேலே கூப்பிடுவார்கள், மொழிபெயர்க்க. அதற்குத் தனிச் சம்பளம் இல்லை. ஆனால் அன்றைக்கு மட்டும் மிஸ் புனிதவதி என்று முழுப்பெயரையும் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

1996 சித்திரையில் ஒருநாள் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஒபிஸுக்குள் சக்கர நாற்காலியில் எழுபத்தொரு வயது மனிதர் ஒருவர் இருந்தார். வலக்கை மடியில் செத்துக் கிடந்தது. பாரிசவாதம். வாய் கொஞ்சம் கோணி இருந்தாலும் பேச்சு இருந்தது. பக்கத்தில் மகன் றெமிஜியஸ், முப்பத்தாறு வயது, கார் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையின் சட்டையோடு வந்திருந்தான். மருமகள் செரீனாவும் வேலைக்குப் போகிறவள். படிக்கட்டு நிறைந்த வீட்டில் இவரைத் தூக்கி இறக்க ஆளில்லை. ஆஸ்பத்திரியோ கட்டிலைக் காலிசெய்யச் சொல்லி நெருக்கிக்கொண்டிருந்தது.

சோஷல் வேக்கர் பெண் நல்ல மனுசி. நிறுத்தி நிதானமாக விளக்கினாள். தாதிமார், பராமரிப்பு எல்லாவற்றுக்கும் அரசாங்கம் காசு கொடுக்கிறது. இருப்பவர் கட்டவேண்டியது அறைக்கும் சாப்பாட்டுக்கும் மட்டுமே. நாலு கட்டில் போட்ட அறைதான் மலிவு. பென்ஷன் அதற்கும் போதாவிட்டால் அரசாங்கம் அந்தக் கட்டணத்தையும் குறைக்கும். எப்படியும் கைச்செலவுக்கு மாதம் நூற்றுச் சொச்சம் டொலரை அவர் கையில் விட்டுவைக்கும். இரண்டு கட்டில் அறைக்கும் தனி அறைக்கும் நாளொன்றுக்கு இவ்வளவு என்று மேலதிகக் காசு. அந்த அறைகளுக்குச் சலுகை கிடையாது. முழுக்காசும் கட்டவேண்டும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அவள் அமிர்தநாதரின் முகத்தை நேரே பார்த்துக் கேட்டாள், உங்களுக்கு எந்த அறை விருப்பம் என்று.

நான் என்ன செய்தேன்? மகனின் பக்கம் திரும்பி, "தம்பி, எந்த அறை வேணுமாம்?" என்றேன். எங்கள் ஆட்களில் யாரும் அப்படித்தான் செய்திருப்பார்கள். காசு கொடுக்கப் போகிறவன் பக்கத்தில் நிற்கும்போது வயதானவரைக் கேட்டு அவரைச் சங்கடப்படுத்தக்கூடாது என்பது நாங்கள் படித்த பழக்கம். மரியாதை என்றுதான் நானும் நினைத்தேன்.

"தனி அறை," என்றான் றெமிஜியஸ். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "அப்பரை நாலு பேரோட தரும ஆஸ்பத்திரி மாதிரிப் போடேலாது."

அமிர்தநாதர் தலையை ஆட்டினார். நான் அதை ஆங்கிலத்தில் 'யெஸ்' என்று சொல்லிவிட்டு, சூப் ஆறிவிடும் என்று கீழே ஓடினேன்.

மூன்றாம் மாடி, 309. நல்ல அறைதான், பொய் சொல்லக்கூடாது. பெரிய ஜன்னல். வெளியே மின்கோபுரங்கள் வரிசையாக நின்றன, அதற்கு அப்பால் ஒரு பாதை. முதல் மூன்று கிழமையும் கூட்டம் தாங்கமுடியவில்லை. கோயில் ஆட்கள் ஞாயிறு பூசை முடிந்து வான் பிடித்து வந்தார்கள். திராட்சை, ஹோர்லிக்ஸ், அந்தோனியார் படம். ஒரு மனுசி மெத்தையை அமத்திப் பார்த்தாள், குளியலறைக் கதவைத் திறந்து பார்த்தாள், "ஹோட்டல் மாதிரியெல்லே கிடக்கு. இப்பிடியொரு மகன் கிடைக்கக் குடுத்து வைக்கவேணும்," என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு ஆத்திரமாக இருந்தது. கட்டிலில் கிடந்த மனிதரை அவள் எப்படி இருக்கிறீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை.

ஆனி மாதம் வந்ததும் கூட்டம் நின்றுவிட்டது. எல்லோருக்கும் வேலை, பிள்ளைகள், கலியாணங்கள். ஹோர்லிக்ஸ் போத்தல்கள் அலுமாரிக்கு மேலே அப்படியே இருந்தன. அமிர்தநாதர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தட்டோடு போனால் முகம் மலர்ந்துவிடும். "இண்டைக்கு என்ன பிள்ளை?" என்பார். என்ன இருந்தாலும் சாப்பிடுவார். எனக்கு அந்த மாடியில் முப்பத்தெட்டுத் தட்டு. ஒரு அறையில் இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்கமுடியாது. அந்த இரண்டு நிமிடத்தில் துண்டு துண்டாகத்தான் அவருடைய கதையை அறிந்தேன்.

ஊர் குருநகர். மனைவி 1981இல் இறந்துபோனார். எண்பத்துநாலில் மகனோடு இங்கே வந்து சேர்ந்தபோது வயது ஐம்பத்தொன்பது. டோர்செட் பார்க்கில் ஒரு அப்பார்ட்மென்ரில் இவரும் மகனும் உட்பட ஒன்பது ஆண்கள். நிலமெல்லாம் மெத்தை. எல்லோரும் இருபது முப்பது வயதுக்காரர், இவர் ஒருவர்தான் கிழவர். சமையல் இவருடையது. வேலை முடிந்து ஒவ்வொருவராக வருவார்கள், சாப்பிடுவார்கள், சண்டை பிடிப்பார்கள், குறட்டை விடுவார்கள். "மூச்சு விட இடமில்லை, பிள்ளை. ஆனால் ஒரு நாளும் தனிய இருந்தது எண்டில்லை," என்பார்.

பிறகு நகரத்தின் நடுவில், டவுன்ரவுனில் ஒரு கார் பார்க்கில் காசு வாங்கும் வேலை கிடைத்தது. நாலு பக்கமும் கண்ணாடி வைத்த பெட்டி. உள்ளே ஒரு ஸ்டூல், ஒரு ஹீற்றர். ஒன்பது வருடம் அதற்குள் இருந்தார். ஒரு நாளைக்கு முந்நூறு பேர் கார்க் கண்ணாடியை இறக்குவார்கள். 'ஹலோ' என்று ஒரு சொல், 'தாங்க்யூ' என்று ஒரு சொல். அந்தக் காசும் சேர்ந்துதான் மகன் மோர்னிங்சைட்டில் வீடு வாங்கினான்.

ஒருநாள் காலைத் தட்டை வைக்கும்போது, ஜன்னலைக் காட்டிச் சொன்னார். "திரும்பவும் என்னைப் பெட்டிக்குள்ள விட்டிட்டாங்கள், பிள்ளை. இதில காரும் வராது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆடியிலிருந்து அவர் ஒரு வேலை செய்யத் தொடங்கினார். இடக்கையால் சக்கரத்தைத் தள்ளி, இடக்காலால் நிலத்தை உதைத்து, லிஃப்ற்றில் இரண்டாம் மாடிக்கு இறங்குவார். 214. நாலு கட்டில் அறை. இத்தாலியக் கிழவர் ஒருவர், சீனக் கிழவர் ஒருவர், எந்த மொழியிலும் பேசாத ஒருவர், கதவோரக் கட்டிலில் எப்போதும் இருமும் இன்னொருவர். இத்தாலியர் இத்தாலிய மொழியில் பேசுவார். அமிர்தநாதர் தமிழில் பதில் சொல்லுவார். சீனர் தொலைக்காட்சியைப் பார்த்து எதற்கோ கோபப்படுவார். ஒருவர் சொல்வது ஒருவருக்கும் விளங்காது, ஆனால் அறை முழுக்கச் சத்தம். இவர் கதவடியில் நாற்காலியை நிறுத்திக்கொண்டு பின்னேரம் முழுக்க அங்கேயே இருப்பார். நான் மாலைத் தட்டை 309இல் வைத்துவிட்டு, பிறகு அவரைத் தேடி இரண்டாம் மாடிக்கு ஓடவேண்டும். திட்டிக்கொண்டே ஓடினேன்.

றெமிஜியஸ் முதலில் ஞாயிறுதோறும் வந்தான். பிறகு ஞாயிறு விட்டு ஞாயிறு. ஆவணியில் ஒருதரம் வந்து, நின்றபடியே பத்து நிமிடம் பேசிவிட்டுப் போனான். புரட்டாதியில் வரவே இல்லை. சனி ஞாயிறுகளில் பெற்றோல் விற்கும் ஒரு காஸ் ஸ்ரேசனில் வேலை எடுத்திருக்கிறான் என்று செரீனா போனில் சொன்னாளாம்.

ஒரு பின்னேரம் அமிர்தநாதர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"பிள்ளை, இந்த அறைக்கு எவ்வளவு?"

"ஏன் அங்கிள் இப்ப?"

"சொல்லும்."

சொன்னேன். அவருடைய பென்ஷன் முழுவதும் போக, மகன் மாதாமாதம் தன் கையிலிருந்து தொள்ளாயிரத்துக்கு மேல் கட்டுகிறான் என்று சொன்னேன். நாலு கட்டில் அறையென்றால் மகன் ஒரு சதமும் கட்டவேண்டியதில்லை என்பதையும் சொன்னேன். அவர் என் கையை விட்டுப் பக்கத்துச் சுவரைத் தொட்டார். வண்டிலில் மற்றவர்களின் சூப் ஆறிக்கொண்டிருந்தது.

"அப்ப அவன் ஞாயிற்றுக்கிழமையில வேலைக்குப் போறது இந்தச் சுவருக்கு," என்றார். "இந்தச் சுவரைக் கட்டிப்போட்டு, என்னைப் பாக்க வர அவனுக்கு நேரமில்லை."

அடுத்து அவர் சொன்னதுதான் என்னைச் சுட்டது. "அண்டைக்கு அந்த வெள்ளைக்காரப் பிள்ளை என்னைத்தான் பாத்துக் கேட்டவ. காசு விபரம் எனக்கு விளங்கேல்லை, ஆனால் கேட்டது விளங்கினது. நீர் தம்பியின்ர பக்கம் திரும்பினீர்."

குற்றம் சாட்டும் குரலில் சொல்லியிருந்தால் நான் சமாளித்திருப்பேன். அவர் சும்மா, நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் என் நிறுத்தத்தைத் தவறவிட்டுவிட்டேன்.

ஐப்பசியில் கதவோரக் கட்டில்காரர் ஆஸ்பத்திரிக்குப் போனார். திரும்பி வரவில்லை. அடுத்த நாள் காலை அந்தக் கட்டிலின் விரிப்பை உருவி, மெத்தையைத் துடைத்து வைத்திருந்தார்கள். அமிர்தநாதர் அதைப் பார்த்துவிட்டு நேரே சமையலறை வாசலுக்கு வந்துவிட்டார். அங்கே வருவது விதிப்படி தவறு. "பிள்ளை, அந்தக் கட்டில் எனக்கு வேணும்," என்றார். பத்து மாடி ஏறி வந்தவர்போல மூச்சு வாங்கியது.

இடைவேளையில் நான் றெமிஜியஸுக்குப் போன் எடுத்தேன். அவன் தொழிற்சாலையில் இருந்தான், பின்னால் இயந்திரச் சத்தம்.

"தம்பி, உங்கட அப்பர் நாலு பேர் இருக்கிற அறைக்கு மாற விரும்புறார்."

"அவருக்கு அங்க என்ன குறை?"

"ஆக்கள்தான் குறை. கதைக்க ஒருத்தரும் இல்லை."

"அன்ரி, அறையை மாத்தினா ஆக்கள் என்ன சொல்லுவினம்? காசு குடுக்கேலாமல் தேப்பனைப் பிச்சைக் கட்டிலில போட்டிட்டான் எண்டு கோயில் முழுக்கக் கதைப்பினம். உங்கட அப்பா எண்டா விடுவியளோ?"

எனக்கு வாயைக் கட்டத் தெரியாது. "கோயில் முழுக்கக் கதைக்கட்டும். அதுகள் மூண்டு கிழமை வந்து மெத்தையை அமத்திப் பாத்திட்டுப் போட்டுதுகள். நீர் அவரை வந்து பாத்து ரெண்டு மாசம் ஆகுது. ஆருக்கு அந்த அறை? உம்மட மானத்துக்கோ?" என்று கத்திவிட்டேன்.

அந்தப் பக்கம் இயந்திரச் சத்தம் நின்றது. போனை வைத்துவிட்டான் என்றுதான் நினைத்தேன்.

"ஒன்பது வருசம் அவரை அந்தப் பெட்டிக்குள்ள விட்டனான்," என்றான் மெதுவாக. "விண்ரரில விரல் வெடிச்சு இரத்தம் வரும். வீட்டை வந்து ஒண்டும் சொல்லமாட்டார். வீடு வாங்கி அதிலையும் பேஸ்மென்ரிலதான் வைச்சிருந்தன். ஒரு அறையாவது அவருக்கெண்டு நல்ல அறையா இருக்கட்டுமெண்டு... நான் கையெழுத்து வைக்கமாட்டன் அன்ரி."

இந்தமுறை உண்மையாகவே வைத்துவிட்டான். என் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவதென்று எனக்குத் தெரியவில்லை. அவன் மீது முழுதாகக் கோபப்படவும் முடியவில்லை.

அன்று பின்னேரமே சோஷல் வேக்கரிடம் போனேன், மகன் கையெழுத்துத் தர மறுக்கிறான் என்று சொல்ல. அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை விசித்திரமாகப் பார்த்தாள். மகன் ஏன் கையெழுத்து வைக்கவேண்டும்? தந்தைக்கு நினைவு தெளிவாக இருக்கிறது, பென்ஷன் அவர் பெயரில் வருகிறது, அறை அவருடையது. அவர் கையெழுத்துப் போதும், நாளை மத்தியானத்துக்குள் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கட்டில் வேறொருவருக்குப் போய்விடும் என்றாள். ஆறு மாதம் மகனின் கையைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறோம். நானும், மகனும், அமிர்தநாதரும், மூன்று பேருமே. யாருக்கும் இப்படியொரு வழி இருப்பது தோன்றவில்லை.

மறுநாள் காலை அதே ஒபிஸ். அதே கேள்வி. இந்தமுறை நான் குனிந்து, அவர் முகத்துக்கு நேரே என் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டேன். "அங்கிள், உங்களுக்கு எந்த அறை விருப்பம்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்து, கார் பார்க்கில் பழகிய ஆங்கிலத்தில், தானே சொன்னார். "ஃபோர் பெட் ரூம், பிளீஸ். தாங்க்யூ."

பிறகு இடக்கையால் கையெழுத்து வைத்தார். சின்னப் பிள்ளையின் எழுத்துப்போல நாலு திசைக்கும் போனது. அதை எழுத ஐந்து நிமிடம் எடுத்தது. நாங்கள் இருவரும் காத்திருந்தோம்.

கார்த்திகை முதல் கிழமையில் கதவோரக் கட்டில் அவருடையதாயிற்று. இத்தாலியர் கை தட்டினாராம். ஹோர்லிக்ஸ் போத்தல்களை நான் ஒரு பெட்டியில் போட்டுக் கீழே கொண்டுவந்தேன். றெமிஜியஸுக்கு ஒபிஸ் கடிதம் போட்டது. பதில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தது. அமிர்தநாதர் காலையிலேயே சவரம் செய்துவிடச் சொல்லி, கோட் போட்டு, கதவைப் பார்த்து இருந்தார். மத்தியானத் தட்டில் இருந்த ஓறேஞ்ச் ஜெலியைச் சாப்பிடாமல் மேசையில் எடுத்து வைத்தார். "தம்பிக்கு விருப்பம்," என்றார். முப்பத்தாறு வயது ஆணுக்கு ஜெலி. யாரும் வரவில்லை. பின்னேரம் தட்டு எடுக்கப் போனபோது ஜெலி தண்ணீராகி இருந்தது. அதற்கடுத்த ஞாயிறும் அப்படி. அதற்கடுத்ததும்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. இருந்த மகனையும் நான் கெடுத்துவிட்டேனோ என்று நினைத்தேன். அவர் என்னோடு வழக்கம்போலவே பேசினார். ஆனால் சத்தம் நிறைந்த அந்த அறையில், எல்லோரும் பேசிக்கொண்டிருக்க, கதவை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதரைப் பார்க்க முடியவில்லை. 309இல் அவர் தனியாக இருந்தபோதுகூட எனக்கு இவ்வளவு வருத்தமாக இருக்கவில்லை.

மார்கழி இரண்டாம் ஞாயிறு, பனி கொட்டிக்கொண்டிருந்தது. மாலைத் தட்டோடு 214க்குப் போனால் அறையில் சத்தமே இல்லை. தொலைக்காட்சி நிறுத்தியிருந்தது. அமிர்தநாதர் என்னைக் கண்டதும் உதட்டில் விரலை வைத்தார். பக்கத்து நாற்காலியில் காஸ் ஸ்ரேசன் ஜாக்கெற்றோடு றெமிஜியஸ் தலையைச் சுவரில் சாய்த்து, வாய் திறந்து, நித்திரையாக இருந்தான். ஞாயிறு வேலையை விட்டுவிட்டானாம். சனி இரவு மட்டும் இன்னும் போகிறான். வந்து உட்கார்ந்தவன், "எப்படி அப்பா?" என்று கேட்டிருக்கிறான். பதில் வருமுன் கண் மூடிவிட்டது.

இரண்டரை மணித்தியாலம். இத்தாலியர் பேச வாயெடுத்தபோதெல்லாம் இவர் இடக்கையை உயர்த்தித் தடுத்தாராம். சீனர் தொலைக்காட்சியைப் போடப்போனபோது கும்பிட்டுக் கேட்டாராம். நான் தட்டைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு வந்தேன். மகன் திடுக்கிட்டு எழும்பி, நேரத்தைப் பார்த்து, "போட்டு வாறன் அப்பா," என்று சொல்லிப் போய்விட்டான்.

"என்ன கதைச்சனீங்கள் அங்கிள்?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லை. நித்திரை கொண்டவன்," என்றார். "அந்த அப்பார்ட்மென்ரிலயும் இப்பிடித்தான், வாயைத் திறந்துகொண்டு. பிறகு இண்டைக்குத்தான் பாத்தன்."

அடுத்த மூன்று ஞாயிறும் வந்தான். மூன்று ஞாயிறும் நித்திரை கொண்டான். ஜெலியை மட்டும் போகும்போது நின்றபடி சாப்பிட்டான்.

தை மாதம் ஒரு புதன்கிழமை விடியப்புறம் அமிர்தநாதர் இறந்துபோனார். நான் காலைத் தட்டோடு போனபோது திரை இழுத்திருந்தது.

அடுத்த நாள் பின்னேரம் றெமிஜியஸ் சாமான்களை எடுக்க வந்தான். ஒரு கோட், இரண்டு சேர்ட், அந்தோனியார் படம். எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் அடங்கிவிட்டது. என்னைக் கண்டதும் பையை நிலத்தில் வைத்தான்.

"அன்ரி, அப்பர் என்னோட கோவமோ?"

"இல்லைத் தம்பி. நீர் நித்திரை கொள்ளேக்குள்ள இந்த அறையில ஒருத்தரையும் அவர் மூச்சு விட விடேல்லை."

அவன் கதவோரக் கட்டிலில் மெல்ல உட்கார்ந்தான். மெத்தையைத் துடைத்துவிட்டார்கள், இன்னும் ஈரமாக இருந்தது. அதை அவன் கவனிக்கவில்லை.

"நாலு ஞாயிறு வந்தனான்," என்றான். "நாலு ஞாயிறும் வந்தும் அவரோட ஒரு சொல் கதைக்கேல்லை. அப்பர் ஏன் அன்ரி என்னை எழுப்பேல்லை?"

எனக்குப் பதில் தெரிந்திருந்தது: நித்திரை கொள்ளும் மகனைப் பார்த்துக்கொண்டிருப்பதே அவருக்குப் போதுமாக இருந்தது. அந்தக் கட்டிலுக்கு மறுநாள் காலை பத்து மணிக்கு இன்னொருவர் வர இருந்தார். அவன் எழும்பும்வரை நான் வண்டிலைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன்.